வேலை செய்யாத கிட்னிக்குள் கட்டி: கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர் நோய்க்கூறியல் மருத்துவர், அறுவை அரங்கிலிருந்து வரும் உறுப்புகளை வெட்டிப் பார்ப்பது இவர் வேலை.)

அம்மாவுக்குப் பல வருடமாகக் கிட்னியில் கல். இடது கிட்னி செயலிழந்துவிட்டது என்று எடுத்தார்கள். இப்போது பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்திருக்கிறது. முன்பே ஸ்கேன் எடுத்தோமே, அதில் தெரியாதா?

எந்த ஸ்கேன் என்பதைப் பொறுத்தது. டிடிபிஏ ஸ்கேன் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்றுதான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. மொத்த வேலையில் 10 சதவீதத்துக்கும் குறைவாகச் செய்தால் பொதுவாகச் செயலிழந்தது என்பார்கள். சிடியில் கட்டியைக் காட்டிக்கொடுப்பது கான்ட்ராஸ்ட் மருந்து. கெட்டுப்போன கிட்னி அதைச் சரியாக வாங்காது. கல்லும் சீழும் வீக்கமும் சேர்ந்தால் மிச்சமும் மறைந்துவிடும்.

இந்த வகைப் புற்றுநோய் பல நேரம் உருண்டையாக இருக்காது. கிட்னிக்குள் சிறுநீர் சேரும் பையின் உள்தோல் கல் உரசி உரசி, புண்ணாகி, நம் மேல்தோல் போல மாறும். அதிலிருந்து சிலருக்குப் புற்று வரும். வெட்டிப் பார்த்தால் மான்கொம்பு போலக் கிளைவிட்ட கல், நாற்றமடிக்கும் சீழ், அப்புறம் ஒரு பக்கச் சுவர் மட்டும் வெள்ளையாகத் தடித்து, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். பழகிய கண்ணுக்கே அது வெறும் அழற்சி போலத் தோன்றலாம். மைக்ராஸ்கோப்பில்தான் உறுதியாகும். கண்டுபிடிக்கும்போதே ஆழமாகப் போயிருப்பது இதன் வழக்கம். அதனால் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் இப்போதே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கும் கல் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

வேண்டாம். செயலிழந்ததால் எடுக்கப்படும் கிட்னிகளில் பெரும்பாலானவற்றில் நாள்பட்ட அழற்சி மட்டும்தான் இருக்கும். ஆனால் வலி இல்லையென்று பெரிய கல்லை வருடக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் யூரோதீலியல் கார்சினோமா. கிட்னியைத்தான் எடுத்தாயிற்றே, போதாதா?

போதாது. இது சிறுநீர்ப் பாதையின் உள்தோலில் வரும் புற்று. கிட்னிக்குள் இருக்கும் அதே உள்தோல்தான் சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பை வரை ஓடுகிறது. செயலிழந்த கிட்னி என்று எடுக்கும்போது குழாயை நடுவில் வெட்டிவிடுவார்கள். மீதித் துண்டு உள்ளேயே இருக்கும். அதையும், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தையும் எடுப்பது பற்றி யூராலஜிஸ்டிடம் கேளுங்கள். பிறகு அவ்வப்போது சிஸ்டோஸ்கோப்பி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, வேண்டும்.

ரிப்போர்ட்டில் 8 மில்லிமீட்டர் பாப்பிலரி அடினோமா என்று இருக்கிறது. புற்றுநோயா?

இல்லை. அது கிட்னியில் வரும் சாதுவான சிறு கட்டி. அதற்கு 5 மி.மீ. என்றிருந்த அளவு வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2016இல் 15 மி.மீ. ஆக்கியது. உறை இல்லாமல், செல்கள் சாதுவாக இருந்தால் அந்த அளவுவரை அடினோமாதான்.

ஸ்கேனில் புற்று என்றார்கள், ரிப்போர்ட்டில் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

ரிப்போர்ட்டில் ஸாந்தோகிரானுலோமட்டஸ் என்று இருக்கிறதா? கொழுப்பை விழுங்கிய செல்கள் மஞ்சளாகத் திரண்டு கட்டி போலவே நிற்கும் அழற்சி அது. ரிப்போர்ட்டை நம்புங்கள்.

கெட்டுப்போன கிட்னிக்குப் பயாப்ஸி செலவு தேவையா?

தேவை. ஒருமுறை பார்க்க ஆசைப்பட்ட உறவினரிடம் கிட்னியை பிளாஸ்டிக் கவரில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலின் (உறுப்பு கெடாமல் காக்கும் திரவம்) இல்லாமல் மறுநாள் என்னிடம் வந்தபோது செல்கள் குழைந்துபோயிருந்தன. நேராக ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை நீங்களே போய் வாங்குங்கள். வாங்க ஆள் வராத ரிப்போர்ட்டுகள் என் மேசையில் இப்போதும் இருக்கின்றன.