டிவி கைவிட்டது, டிவிடி காப்பாற்றியது

சென்ற இதழில் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் ஹாரர்’ என்ற அமெரிக்க டிவி திகில் தொடரின் ‘இம்ப்ரிண்ட்’ எபிசோடைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சிலர் திட்டியிருக்கிறீர்கள், சிலர் ‘எங்கே கிடைக்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் இரண்டையும் ஒரே கடிதத்தில் செய்திருக்கிறார். இந்த முறை பேய்க் கேள்விகள் மட்டும்.

கே: டிவிக்காக எடுத்த எபிசோட், ஆனால் டிவியில் வரவே இல்லை என்கிறார்களே. நிஜமா, இல்லை டிவிடி விற்பதற்காகக் கிளப்பிவிட்ட கதையா? (சந்தேகப் பிராணி)

ப: நிஜம்தான். அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 2005 அக்டோபர் 28-ல் தொடங்கிய தொடர் அது. முதல் சீசனுக்கு 13 எபிசோடுகள், இயக்குநருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தனிப்படம். ஜான் கார்பென்டர், டாரியோ அர்ஜென்டோ, டோபி ஹூப்பர், ஜோ டான்டே என்று பெரிய தலைகளாகக் கூட்டி வந்திருந்தார்கள். கடைசியாக 2006 ஜனவரி 27 அன்று ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேயின் ‘இம்ப்ரிண்ட்’ வர வேண்டியது. வரவில்லை. 12 எபிசோடோடு சீசனை முடித்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் பிராவோ சேனல் அதே வருஷம் ஏப்ரலில் அதைப் போட்டேவிட்டது, ஆனால் காசு போட்டு எடுத்த ஊரான அமெரிக்காவில் இருந்த ரசிகன் செப்டம்பர் 26 வரை, டிவிடி கடைக்கு வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

கே: ‘உங்கள் இஷ்டம் போல எடுங்கள்’ என்று சொல்லித்தானே இயக்குநர்களைக் கூப்பிட்டார்கள்? அப்புறம் எப்படித் தடை போட்டார்கள்? (கறுப்புப் பூனை)

ப: முதலில் ‘தடை’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அரசாங்கமோ தணிக்கைக் குழுவோ இதில் கை வைக்கவில்லை. ஷோடைம் சந்தா கட்டிப் பார்க்கிற கேபிள் சேனல். அமெரிக்காவில் ஆபாசக் காட்சி, கெட்ட வார்த்தை பற்றிய ஒளிபரப்பு விதிகள் ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனல்களுக்குத்தான், இவர்களுக்கு இல்லை. ஆக, சட்டப்படி போடலாம். பார்த்துவிட்டு, ‘வேண்டாம் சாமி’ என்று சேனலே பின்வாங்கியது. தொடரை உருவாக்கிய மிக் காரிஸே தான் பார்த்ததிலேயே மனதை அதிகம் கலக்கிய படம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார், சேனல் அதிகாரிகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

தொடர் பிறந்த கதையே சுவாரசியமானது. 2002-ல் காரிஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் திகில் பட இயக்குநர்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்தநாள். இவர்களும் சேர்ந்து வாழ்த்த, கியேர்மோ டெல் டோரோ விளையாட்டாக ‘திகில் மேதைகள் (மாஸ்டர்ஸ் ஆஃப் ஹாரர்) உங்களை வாழ்த்துகிறார்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி விட்டார். அந்தக் கேலிதான் பிற்பாடு தொடரின் பெயராக ஒட்டிக்கொண்டது.

உங்கள் கேள்விக்கான சரியான பதில் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் படங்களுக்குப் பணம் போட்டது ஷோடைம் இல்லை, ஐடிடி என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம். ஷோடைம் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய கட்சி, அவ்வளவுதான். டிவிடி வெளியிட்ட ஆங்கர் பே அப்போது அதே ஐடிடியின் கையில் இருந்தது. அதாவது ஒவ்வொரு எபிசோடும் முதல் நாளிலிருந்தே தனித் தனி டிவிடியாக விற்கப்போகிற சரக்கு, டிவியில் வருவது அதற்கு ஒரு முன்னோட்டம் மாதிரி. சேனல் கதவைச் சாத்தினாலும் சரக்கு கிடங்கில் தூங்கத் தேவையில்லை. சேனலே முழுப் பணமும் போட்டிருந்தால் இந்த எபிசோட் ஏதோ ஒரு அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே: அவ்வளவு பயங்கரமா? நான் எதற்கும் அசராதவன். (கல் நெஞ்சன்)

ப: எதற்கும் அசராதவர்கள்தான் முதலில் ரிமோட்டைத் தேடுவார்கள்.

கதை 19-ஆம் நூற்றாண்டு ஜப்பான். கிறிஸ்டோபர் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரன் (பில்லி டிராகோ), கூட்டிப் போகிறேன் என்று முன்பு வாக்குக் கொடுத்த கொமோமோ என்ற பெண்ணைத் தேடி, தீவில் இருக்கும் ஒரு விடுதிக்கு வருகிறான். அங்கே முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு பெண் (யூகி குடோ) ‘அவள் இறந்துவிட்டாள்’ என்கிறாள். எப்படி என்று கேட்கிறான். சொல்கிறாள்.

எல்லோரும் பேசுவது ஊசிக் காட்சியைத்தான். விடுதித் தலைவியின் மோதிரம் காணாமல் போகிறது, பழி கொமோமோ மேல் விழுகிறது. அவளைக் கட்டிப்போட்டு, விரல் நகத்துக்கும் சதைக்கும் நடுவே ஒவ்வொன்றாக ஊசி இறக்குகிறார்கள், அப்புறம் ஈறில். ஊசியைப் பிடித்திருக்கிற பெண்ணுக்கு ஒரு அவசரமும் இல்லை, பூ கட்டுகிற மாதிரி நிதானமாக வேலை பார்க்கிறாள், அந்த நிதானம்தான் வயிற்றைப் பிசைகிறது. அந்த வேஷத்தில் வருபவர் யார் தெரியுமா? மூலக்கதையை எழுதிய ஷிமாகோ இவாய். தன் பாத்திரத்தைத் தானே வதைக்க முன்வந்த எழுத்தாளர் வேறு யாராவது உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், தூக்கத்தைக் கெடுப்பது ஊசி இல்லை. முகம் இழுத்துக்கொண்ட அந்தப் பெண் கதையை ஒரு முறை சொல்கிறாள். கிறிஸ்டோபர் ‘பொய், உண்மையைச் சொல்’ என்கிறான். மறுபடி சொல்கிறாள், அதே ஆட்கள், அதே சம்பவங்கள், ஆனால் முன்பு நல்லவராக இருந்தவர் இப்போது அப்படி இல்லை. அவன் விடமாட்டேன் என்கிறான். முதல் பொய் அவன் மேல் அவள் காட்டிய இரக்கம் என்று அப்போதுதான் உறைக்கிறது, அது தெரிந்த பிறகும் ‘இன்னும் சொல்’ என்று நாமும் அவனோடு சேர்ந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறோம். சேனல் பயந்தது ஊசிக்கு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. கதையில் கருக்கலைப்பும் ஆறும் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கே: ஜப்பானியர்கள் எல்லோரும் தங்களுக்குள் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. (காது கேட்பவள்)

ப: நியாயமான குறை. அமெரிக்க டிவிக்கு என்று எடுத்ததால் ஆங்கிலம். யூகி குடோ சமாளித்துவிடுகிறார், மற்றவர்கள் வாயில் வசனம் சுடுசோறு மாதிரி உருள்கிறது. டிராகோவோ ஜப்பானியர்களையெல்லாம் மிஞ்சும்படி ஓவராக நடிக்கிறார், அது மொழிப் பிரச்சினை இல்லை.

இதில் எனக்கு வருத்தம் வேறு. இவாயின் கதைத் தலைப்பு ‘பொக்கே, கியோத்தே’. ஜப்பானின் ஒகயாமா வட்டார வழக்கில் ‘ரொம்பப் பயமா இருக்கு’ என்று பொருள். விலைமகள் ஒருத்தி தன்னிடம் வந்தவனிடம் அந்த வழக்கிலேயே தன் கதையைச் சொல்லிக்கொண்டு போவதுதான் முழுக் கதையும். 1999-ல் ஜப்பான் திகில் நாவல் விருதும், அடுத்த வருஷம் யமமோட்டோ ஷூகோரோ பரிசும் வாங்கியது. பேச்சு வழக்கின் ருசியிலேயே நிற்கிற ஒரு கதையை, அந்தப் பேச்சை உருவிவிட்டு எடுத்திருக்கிறார்கள். திரைக்கதை எழுதிய டைசுகே டெங்கான் தேர்ந்த ஆள், அவராலும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை.

கே: அமெரிக்க டிவிடியில் 63 நிமிஷம், என்னிடம் இருக்கும் ஐரோப்பிய டிவிடியில் 60 சொச்சம். இரண்டரை நிமிஷத்தை வெட்டிவிட்டார்களா? (கடிகாரம்)

ப: பதறாதீர்கள், கத்தரி மேல் பழி போடும் முன் கணக்குப் போடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். ஐரோப்பாவின் பழைய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவி நொடிக்கு 25. அதனால் ‘பால்’ முறை டிவிடி போடும்போது படத்தையே 25-க்கு லேசாக வேகப்படுத்திவிடுவார்கள், 100-க்கு 4 வேகம் கூடும். 63-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 60 நிமிஷம் 29 விநாடி. உங்கள் இரண்டரை நிமிஷம் அங்கேதான் போனது. வேகத்தைக் கூட்டும்போது குரலைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் எல்லோரும் அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே பேசுவார்கள். டிராகோவுக்கு அது கொஞ்சம் கெடுதல்.

இன்னொன்று, வாங்கப்போகிறவர்களுக்கு: டிஸ்க்குகளை நாட்டுவாரியாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள், பிளேயரின் மண்டலத்தோடு பொருந்தாவிட்டால் ஓடாது. டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் 2. புளூ-ரேயில் கதை மாறுகிறது, அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே ‘ஏ’ மண்டலம், ஐரோப்பா ‘பி’. பிளேயரின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கே: தனி டிவிடி வாங்கலாமா, முழு சீசன் பெட்டி வாங்கலாமா? (சேகரிப்பு நோயாளி)

ப: உங்கள் புனைபெயரிலேயே பதில் இருக்கிறது. முதல் சீசன் பெட்டி கல்லறை மண்டப வடிவில், இரண்டாவது சீசன் மண்டை ஓடு வடிவில். பார்க்க ஜோர், ஆனால் எந்த அலமாரியிலும் ஒழுங்காக உட்காராது, மண்டை ஓடு பக்கத்தில் இருக்கும் டிவிடிகளை முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். ‘இம்ப்ரிண்ட்’ மட்டும் போதும் என்றால் தனி டிவிடி தாராளம். படம் ஓடும்போதே கூடவே பேசுகிற கமென்டரியில் மீகே பேசவில்லை, வேறு இருவர் பேசுகிறார்கள். அவருடைய பேட்டி தனியாக இருக்கிறது, படத்தைப் பார்த்து முடித்த கையோடு அதையும் பாருங்கள், இவ்வளவையும் எடுத்த மனுஷன் எவ்வளவு சாவகாசமாகப் பேசுகிறார் என்று தெரியும்.

கே: கல்யாணமாகிப் பதினைந்து நாள் ஆகிறது. மனைவியோடு சேர்ந்து பார்க்கலாமா? (புது மாப்பிள்ளை)

ப: பதினைந்து வருஷம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

கே: இதே மாதிரி டிவியில் வராமல் டிவிடியில் மட்டும் வந்தவை வேறு உண்டா? (அடுத்தது என்ன)

ப: தூரமே போக வேண்டாம். அதே காரிஸ் 2008-ல் என்பிசிக்காக ‘ஃபியர் இட்செல்ஃப்’ என்று ஒரு தொடர் செய்தார். இது இலவச சேனல், விளம்பர இடைவேளை, எல்லாக் கட்டுப்பாடும் உண்டு. 13 எடுத்தார்கள், எட்டு வந்தன. ஒலிம்பிக்ஸுக்காக இடைவேளை விட்டவர்கள் திரும்ப வரவே இல்லை. மிச்சம் ஐந்தும் சேர்த்து டிவிடியில்தான் முழுசாக வந்தது. இந்த முறை யாரும் பயந்து நிறுத்தவில்லை, பார்க்க ஆளில்லை. அந்த ஐந்துக்கு ‘இம்ப்ரிண்ட்’ மாதிரி பேரும் கிடைக்கவில்லை, ஒருவர்கூட எனக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதியதில்லை, நீங்கள்தான் முதல் ஆள்.