மண்டபமும் இசையும்

கேள்வி: கோணேசர் கோயில் முன்றலில் தெளிவாகக் கேட்கும் நாதஸ்வரம் மூடிய மண்டபத்தில் இரைச்சலாவது ஏன்? திருகோணமலையில் ஒரு கலையரங்கு கட்டுவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருகோணமலை

பதில்: நாதஸ்வரம் திறந்தவெளிக்கு ஏற்ற உரத்த வாத்தியம், மண்டபத்துக்குள் அதன் ஒலி வெறுஞ்சுவர்களில் பட்டு மீண்டு அடுத்த சுரத்தின்மேல் விழுவதால் கமகங்கள் கலங்கிவிடுகின்றன. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்காதிருந்தபோது, வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியர், இரவுகளில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தைப் பொறுமையாக அளந்தார். அந்த நேரம் மண்டபத்தின் கனவளவோடு கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்போடு குறையும் என்ற அவருடைய விதியைக் கொண்டே, 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அமைக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 2 செக்கன் நீளும் எதிரொலிப்பு மேலைத்தேய வாத்தியக் குழுவுக்கு அழகு சேர்க்கிறது. விரைவான சுரங்களும் சாகித்தியச் சொற்களும் முதன்மை பெறும் நமது கச்சேரிக்கு அது மிகை என்றே கருதுகிறேன். ஆகவே மெத்தை இருக்கைகளுக்கும், தேவைக்கேற்ப விரிக்கவும் சுருக்கவும் கூடிய தடித்த திரைகளுக்கும் வரைபட நிலையிலேயே இடம் வைக்க வேண்டும். கூரை மிக முக்கியம்: வடகீழ்ப் பருவமழை தகரத்தில் கொட்டும்போது, எந்த ஒலிபெருக்கியாலும் வீணையின் நாதத்தைக் காப்பாற்ற முடியாது.