தொண்டையில் எலும்பு மாட்டியதுபோல் நாய் இழுக்கிறதா? வாயில் கை விடாதீர்கள்

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்கு நான்கு வயது நாட்டு நாய் வளர்க்கிறோம். இரண்டு வாரமாகத் திடீர் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டிக்கொண்டு, மூக்கால் 'கொர் கொர்' என்று மூச்சை இழுக்கிறது. அரை நிமிடத்தில் சரியாகி ஓடிவிடுகிறது. தீனி நன்றாக எடுக்கிறது. நேற்று, எலும்பு மாட்டியிருக்குமோ என்று வாயில் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?
– ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தலைகீழ்த் தும்மல். தும்மலில் காற்று வெளியே பீறிடும். இதில் மூக்கு வழியாக வேகமாக உள்ளே இழுக்கும். அண்ணத்தின் பின்பக்கம் உறுத்தினால் இப்படி வரும். தென்னை மட்டை எரிக்கும் புகை, மருந்து தெளித்த வாடை, தூசி, புல் விதை எதுவும் காரணமாகலாம். வரும்போது தொண்டையை வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவிவிடுங்கள். ஒரு முறை எச்சில் விழுங்கினால் பல நாய்களுக்கு நின்றுவிடும். கழுத்தில் கயிறு இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள்.

ஒரு மூக்கில் மட்டும் ரத்தமோ சளியோ வடிகிறதா என்றும் பாருங்கள். வாய்க்கால், ஓடைத் தண்ணீர் குடிக்கும் நாயின் மூக்குக்குள் அட்டை ஏறிக்கொள்வது உண்டு. புல் விதையும் அப்படித்தான் உள்ளே ஏறி நிற்கும். நீங்களாகக் குச்சியோ இடுக்கியோ விட்டுத் துழாவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சத்தம் வெளிவரும் மூச்சில், வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமலாக வந்து, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரை கக்கினால் அது வேறு. மற்ற நாய்களிடமிருந்து தொற்றும் இருமலாக இருக்கலாம். மற்ற நாய்களோடு சேரவிடாதீர்கள். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களில் மூச்சுக்குழல் தளர்ந்துபோனாலும் இதே சத்தம் கேட்கும்.

இனி உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது. தயவுசெய்து இன்னொரு முறை வாயில் கை விடாதீர்கள். வெறிநோய் என்றால் நாய் கண்டபடி ஓடிக் கடிக்கும் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ஊமை வெறி என்று ஒரு வகை உண்டு. அதில் தொண்டையும் தாடையும் செயலிழக்கும். நாய் ஓரமாகப் படுத்திருக்கும், வாய் பாதி திறந்தபடி தொங்கும், எச்சில் கயிறாக வடியும், குரைப்பு மாறிவிடும், தண்ணீர் வைத்தால் வாய் வைக்கும், விழுங்க முடியாது. பார்க்கிறவருக்கு எலும்பு மாட்டியதுபோலவே தெரியும். பாசத்தில் கையை விட்டு எடுக்கப் பார்ப்பார்கள். அந்த எச்சிலில்தான் கிருமி இருக்கிறது.

உங்கள் நாய் தீனி எடுக்கிறது, இரண்டு வாரமாக நடமாடுகிறது என்பதால் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு. நோய் வெளிப்பட்ட நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். ஆனாலும், கைவிட்டபோது உங்கள் விரலில் கீறலோ, தேங்காய் உரித்த காயமோ இருந்திருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். நாய் எப்படி ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், தொண்டைக்கு இதம் என்று நல்லெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக முடியும். வீட்டில் இருக்கும் காய்ச்சல், வலி மாத்திரைகளும் வேண்டாம்.

நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்தால், வெயிலில் இரைப்பு அடங்காமல் தள்ளாடினால், அசந்து தூங்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இப்போதைக்கு, அடுத்த முறை இழுக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவர் முன்னால் நாய் சாதுவாக நிற்கும். அந்த வீடியோதான் அவருக்கு உதவும்.

தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால், காட்டப் போகும் அன்றே வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுப் போட்டுவிடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஆண்டுதோறும். தோப்பில் திரியும் நாய்க்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது.