முதலில் வரைபடங்களை எண்ணுங்கள்

பழைய கடற்பயண நூல்களைச் சேர்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று இப்போது தூத்துக்குடியில் வசிக்கும் சேகரிப்பாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கேப்டன் குக்கின் பயணங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து, அந்தக் காலத்துப் பதிப்புகளையே வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. மாதச் சம்பளக்காரன் நான். எதில் தொடங்கலாம்? (திருச்சி வாசகர்)

குக்கில் தொடங்காதீர்கள் தம்பி. எல்லாரும் அவரிடம்தான் தொடங்குகிறார்கள், விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படைக்காரரான அவர் பசிபிக் கடலுக்குப் போன மூன்று பயணங்களுக்கும் அதிகாரபூர்வ நூல்கள் 1773, 1777, 1784 ஆகிய ஆண்டுகளில் லண்டனில் வந்தன. மொத்தம் எட்டுத் தொகுதிகள், அவற்றோடு ஒரு பெரிய அட்லஸ். குறையில்லாத முழு செட் ஏலத்துக்கு வந்தால் நல்ல கார் விலை போகும். சம்பளக்காரர் தொடும் சமாச்சாரம் இல்லை.

ஆன்சனில் தொடங்குங்கள். ஜார்ஜ் ஆன்சன் 1740இல் ஆறு போர்க்கப்பல்களோடு இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். ஸ்பெயினுடன் போர் நடந்த சமயம். தென்னமெரிக்காவைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குள் போய் ஸ்பானியக் கப்பல்களை அடிப்பது திட்டம். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மாலுமிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். உலகைச் சுற்றி 1744இல் ஊர் திரும்பியது 'செஞ்சூரியன்' என்ற ஒரே கப்பல்தான். ஆனால் அந்த ஒரு கப்பல், பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு ஸ்பானிய வெள்ளிக் கப்பலைப் பிடித்திருந்தது. அந்தப் பணத்தை 32 வண்டிகளில் ஏற்றி லண்டன் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். செத்தவர்களுக்கு ஊர்வலம் விட்டதாக எங்கும் படித்ததில்லை.

இந்தக் கதை 1748இல் புத்தகமாக வந்து அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டிலேயே ஐந்தாம் பதிப்பு. உங்களுக்கு நல்லது அதுதான். அவ்வளவு அச்சடித்ததால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரதிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் பதிப்பு பெரிய அளவில், 42 படங்களும் வரைபடங்களுமாக வந்தது. அதற்கு ஆசைப்படாமல், சிறிய அளவில் சில மடிப்பு வரைபடங்களோடு வந்த பின்பதிப்பு ஒன்றைத் தேடுங்கள். சில பக்கங்கள் படிக்க முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, வரைபடங்கள் மட்டும் எல்லாம் இருக்க வேண்டும். என் பிரதி டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கிடைத்தது. தோல் கட்டு முதுகில் வெடித்திருக்கும், ஆனால் வரைபடங்கள் மூன்றும் பத்திரம். முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் ஓரங்களில் அட்சரேகைகளைப் பென்சிலால் சரிபார்த்திருக்கிறார். அவர் கணக்கு இரண்டு இடத்தில் தப்பு. அதனாலேயே எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

சரி, குக்கை விடவே முடியாது என்றால், படிப்பதற்கு ஹாக்லூயிட் சொசைட்டி பதிப்பை வாங்குங்கள். 1846இல் தொடங்கிய இந்தச் சங்கம் பயண நூல்களை மட்டுமே பதிப்பித்து வருகிறது. குக்கின் சொந்தக் குறிப்பேடுகளை நியூசிலாந்து அறிஞர் பீகிள்ஹோல் பதிப்பித்து இவர்கள் வெளியிட்ட தொகுதிகள்தான், குக் உண்மையில் என்ன எழுதினார் என்பதற்கு ஆதாரம். 1773 புத்தகத்தில் அது கிடைக்காது. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஹாக்ஸ்வொர்த் தொகுத்த குக்கின் முதல் பயணம், 1773, 'இரண்டாம் பதிப்பு' என்று ஒரு செட் விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பு என்றால் மதிப்புக் குறைவுதானே? (கோவை வாசகர்)

இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டாம் பதிப்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. காரணம் ஒரு சண்டை. அந்தச் சண்டையில் நம் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குக் ஊர் திரும்பியதும், அவருடைய குறிப்பேட்டையும் கூடப் போன தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் குறிப்பேட்டையும் ஜான் ஹாக்ஸ்வொர்த் என்ற எழுத்தாளரிடம் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த தொகை 6000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது எழுத்தாளர்கள் கனவில் காணும் பணம். அவர் இருவரின் எழுத்தையும் கலந்து, தன் சரக்கையும் சேர்த்து, எல்லாவற்றையும் கேப்டனே 'நான்' என்று பேசுவதுபோல எழுதிவிட்டார். குக் அப்போது இரண்டாம் பயணத்தில் கடலில் இருந்தார். 1775இல் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறங்கியபோதுதான் வினை தெரிந்தது. அந்தத் தீவில் தள்ளுவண்டி என்பதே கிடையாது, அடிமைகளை வதைக்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்திருக்கிறது. தீவுக்காரர்கள் குக் தங்கிய வீட்டு வாசலில் தள்ளுவண்டிகளாகக் கொண்டுவந்து நிறுத்தி வைத்தார்கள். வாயைத் திறக்காமல் மானத்தை வாங்குவது என்றால் இதுதான். இரண்டாம் பயண நூலைக் குக் தன் பெயரிலேயே எழுதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இனி சென்னைக்காரர். அலெக்சாண்டர் டால்ரிம்பிள் பதின்வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். கோட்டையில் கணக்கு எழுதியதோடு நில்லாமல் பழைய ஸ்பானியப் பயண ஆவணங்களைத் தோண்டினார். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவுக்குத் தெற்கே கப்பல் போக வழி உண்டு, 1606இல் டோரஸ் என்பவர் அதில் போயிருக்கிறார் என்று கண்டுபிடித்து எழுதியவர் இவர்தான். அந்தச் சிறு நூலின் பிரதி ஒன்றைப் பேங்க்ஸ், குக்கின் முதல் பயணக் கப்பலான 'எண்டவர்' கப்பலில் கொண்டுபோனார். அந்தக் கப்பலுக்குத் தலைமை தாங்கும் ஆசை டால்ரிம்பிளுக்கு நிறைய இருந்தது. கடற்படைக்காரர் அல்லாதவருக்குக் கப்பலைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இடம் குக்குக்குப் போயிற்று. தெற்கே பெரிய கண்டம் ஒன்று இருக்கிறது என்பது டால்ரிம்பிளின் நம்பிக்கை. ஹாக்ஸ்வொர்த் நூலில் கண்டம் இல்லை என்றதும் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதற்கு ஹாக்ஸ்வொர்த் கொடுத்த பதில் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இருக்கிறது. அவரும் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார்.

தெற்குக் கண்டம் பற்றிய விஷயத்தில் டால்ரிம்பிள் தோற்றார். ஆனால் 1795இல் பிரிட்டிஷ் கடற்படை வரைபட அலுவலகத்தைத் தொடங்கியபோது முதல் தலைவராக அவரைத்தான் உட்கார வைத்தார்கள். இரண்டாம் அதிகாரியாக நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திருத்தம் போட்ட அட்மிரால்டி வரைபடங்களுக்கெல்லாம் மூலபுருஷர் அவர்தான். எனக்கு அவர் பக்கம் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

ஆக, செட்டில் படங்கள் முழுமையாக இருந்தால் இரண்டாம் பதிப்பைத் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: 'முழுமையான பிரதி' என்று விற்பவர் சொல்கிறார். நேரில் பார்க்கப்போகிறேன். எப்படிச் சரிபார்ப்பது? (சென்னை வாசகி)

'முழுமை' என்பதை விற்பவர் சொல்லக்கூடாது அம்மா, நீங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும்.

இந்த வகைப் புத்தகங்களில் படங்களும் வரைபடங்களும் தனியாகச் செப்புத் தகட்டில் அச்சாகி, பைண்டரின் கையால் பக்கங்களுக்கு நடுவே செருகப்பட்டவை. பக்க எண் வரிசையில் அவை வராது. ஒரு வரைபடத்தை உருவிவிட்டாலும் பக்க எண்கள் ஒழுங்காகவே ஓடும். அதனால் பல நூல்களில் எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வர வேண்டும் என்று பைண்டருக்கு ஒரு பட்டியல் அச்சிட்டிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால், பெரிய நூலகங்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக ஒப்பிடுங்கள். வருடும்போது மடிப்பு வரைபடங்களைப் பல நூலகங்கள் விரிக்காமலே விட்டிருக்கும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

அடுத்து விரல். செப்புத் தகட்டை அழுத்தி அச்சிட்டதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு இருக்கும். தடவினால் தெரியும். ஓரம் குறுக வெட்டிய படத்தில் மட்டும் அது போயிருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடுகள் கோடுகளாகவே இருக்க வேண்டும். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது பின்னாளில் நகலெடுத்து ஒட்டியது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பழைய கந்தல் துணிக் காகிதத்தில் சல்லடைக் கோடுகள் தெரியும். இன்னொன்று, 1748 காகிதம் 1920ஆம் வருடத்துக் காகிதத்தைவிட வெள்ளையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். மரக்கூழ் வருவதற்கு முந்தைய சரக்கு அது, நம் தாத்தா காலத்து நாவல்கள்போல உதிராது.

குக்கின் மூன்றாம் பயணத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: அட்லஸ் எங்கே? ஓவியர் வெப்பரின் படங்கள் பெரும்பாலும் அந்தத் தனி அட்லஸில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் மூன்று தொகுதிகளை மட்டும் வாங்குவது உற்சவர் இல்லாத தேரை இழுப்பது மாதிரி. சில அட்லஸ்களில் ஹவாயில் குக் கொல்லப்படும் காட்சிப் படமும் இருக்கும். அது தனியாக விற்ற படம், வாங்கியவர்கள் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் குறை என்று யாரும் சொல்ல முடியாது, நீங்களும் அதைச் சொல்லி விலை குறைக்க முடியாது.

கேள்வி: கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக, பதினெட்டாம் நூற்றாண்டு அசல் வரைபடம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தோடு வாங்கலாம் என்றிருக்கிறேன். (பெங்களூரு வாசகி)

அந்த வரைபடம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். தனித்தாளாக அச்சானவை உண்டு. ஆனால் சுவரில் தொங்குபவற்றில் பல, ஒரு புத்தகத்தைப் பிரித்துப்போட்டு எடுத்தவை. முழுப் புத்தகத்தை விற்பதைவிட இருபது படங்களாக விற்றால் லாபம் அதிகம் என்பதால் இந்தக் கசாப்பு நடக்கிறது. சட்டப்படி தப்பில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

சட்டப்படித் தப்பானதும் உண்டு. அமெரிக்க வரைபட வணிகர் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி, 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் சின்னக் கத்தி ஒன்றைத் தரையில் தவறவிட்டு மாட்டினார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதை ஒப்புக்கொண்டார். அதனால் நூலக முத்திரை இருக்கிறதா, முத்திரையைச் சுரண்டிய தடம் இருக்கிறதா, யாரிடமிருந்து வந்தது என்பதையெல்லாம் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். கணவருக்கு அழகுதான் முக்கியம் என்றால் நல்ல நகலே போதும். வெயில் பட்டு வெளுத்தாலும் வருத்தம் இல்லை.

கேள்வி: பசிபிக் தீவுத் துணிகளையே ஒட்டிய பழைய புத்தகம் ஒன்று உண்டாமே, உண்மையா? (சேலம் வாசகர்)

உண்மை. அலெக்சாண்டர் ஷா என்பவர் 1787இல் லண்டனில் வெளியிட்டார். குக்கின் பயணங்களில் சேகரித்த மரப்பட்டைத் துணிகளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் புத்தகமாகக் கட்டியிருந்தார். துணி வேறுபடுவதால் ஒரு பிரதி இன்னொன்றைப்போல இருக்காது. நீங்களும் நானும் நூலகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸின் புத்தகம் இந்த வகையில் சேருமா? (திருகோணமலை வாசகர்)

என் அலமாரியில் சேர்த்திருக்கிறேன். 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரத்தில் ஒதுங்கியது. அங்கே கண்டி அரசனின் ஆட்கள் கேப்டனையும் மகனையும் பிடித்தார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1679இல் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டைக்குத் தப்பி வந்தார். நூல் 1681இல் லண்டனில் வந்தது. அசல் விலை அதிகம். 1911இல் கிளாஸ்கோவில் வந்த பதிப்பைத் தேடுங்கள். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளும் அதில் இருக்கின்றன.

கேள்வி: ராமபாணப் பூச்சி தொல்லை. பைண்டரிடம் கொடுத்துப் புதுக்கட்டு போடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

போடாதீர்கள். நம் பைண்டர் நல்ல மனுஷர்தான். மயில்துத்தம் கலந்த மைதாப் பசையோடு வருவார், பூச்சி வராது. ஆனால் கட்டி முடித்ததும் மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் கொடுப்பார். மடித்து வைத்த வரைபடம் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போகும். பழைய கட்டு பிய்ந்திருந்தால் பஞ்சு நாடாவால் கட்டி, அளவுக்கு ஒரு அட்டைப் பெட்டி செய்து உள்ளே வையுங்கள். செலோ டேப் கூடவே கூடாது. கடலோர ஊரில் இருக்கிறீர்கள், புத்தகங்களைச் சுவரை ஒட்டி அடுக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். பூச்சிக்கு மனிதக் கைதான் எதிரி.

கேள்வி: தாத்தா விட்டுப்போன 1800களின் பயண நூல்கள் சில இருக்கின்றன. அமெரிக்காவில் உள்ள மகனுக்கு அனுப்பலாமா? (காரைக்குடி வாசகர்)

கூரியர்காரரைக் கூப்பிடும் முன் கொஞ்சம் பொறுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடிகள், ஆவணங்களும், வரலாற்று மதிப்பு இருந்தால் தொல்பொருளாகிவிடும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் நூல்கள் அதில் வருமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக்கூடாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்புங்கள். அதற்குப் போகும்போது ஒவ்வொரு நூலின் தலைப்புப் பக்கத்தையும் வரைபடங்களையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வரைபடம் என்று எழுதியும் வையுங்கள். நாளைக்கு மகன் கேட்டால் சொல்ல வேண்டுமே.