காற்றே கூட்டும் கணக்கு: கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: அண்ணா, கம்பியில்லா வலையமைப்பில் தொடர்பாடலும் கணிப்பும் ஒன்றாகும் என்கிறார்களே, எப்படி?

களனி ஆற்றங்கரையில் ஐம்பது நீர்மட்ட உணரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. நமக்குத் தேவை சராசரி மட்டும். வழக்கமாக ஒவ்வொன்றும் முறைவைத்து அனுப்பும், பிறகு நாம் கூட்டுவோம். எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பினாலோ அலைகள் வழியிலேயே கலந்துவிடும். வாங்கிக்கு வந்து சேர்வதே கூட்டுத்தொகைதான்; ஐம்பதால் வகுத்தால் சராசரி. இடையூறு என்று விரட்டிய கலப்பு இங்கே கூலியில்லாமல் உழைக்கிறது. நேசர், காஸ்ட்பார் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் இதன் கோட்பாட்டை விரிவாக எழுதினார்கள். பெருக்கற்பலன் வேண்டுமென்றால் அனுப்பும் முன் மடக்கை எடுத்து, வந்த கூட்டுத்தொகையை எதிர்மடக்கையால் மறுபடி திருப்பினால் சரி.

ஆனால் ஒவ்வொரு உணரியும், வழியில் தன் அலையின் வலுவிலும் கட்டத்திலும் (ஏற்ற இறக்க நிலையிலும்) வரும் மாற்றத்தை முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். இரு உணரிகளின் பாதை நீளத்தில் ஆறு சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தாலே அலைகள் ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துவிடும்.

தெஹிவளை வாசகர்: மேல்மாடியில் வைஃபை வரவில்லை.

ரவுட்டரை வீட்டின் நடுவே வையுங்கள். அடுத்தவர்.

கொட்டாஞ்சேனை வாசகர்: வெள்ளத்துக்கு சராசரி எதற்கு? உச்சம்தானே வேண்டும்?

நல்ல கேள்வி. அளவுகளைப் பெரிய அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி, மூலம் எடுத்தால் உச்சத்தை நெருங்கலாம். அலையோடு கலக்கும் இரைச்சல் அதிகமானால் இந்த வழி கைவிடும்.

பம்பலப்பிட்டி வாசகர்: நேரம் ஒத்துப்போக வேண்டுமா?

ஆம். ஆனால் சிறு தாமதத்தைப் பொறுக்கலாம்: 4ஜி கைபேசி வலையமைப்பான எல்டிஇயில், தாமதமாக வரும் அலைகளுக்காக விடப்படும் காப்பு இடைவெளி ஏறத்தாழ 4.7 மைக்ரோசெக்கன். அதில் அலை 1.4 கிலோமீற்றர் போகும். பாதை ஈடுகட்டலையும் மறக்காதீர்கள்.

மருதானை வாசகர்: எல்லாம் ஒரே நேரத்திலா அனுப்ப வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி.

மொறட்டுவைப் பொறியாளர்: டிஜிட்டலாக ஒவ்வொன்றாக அனுப்பிப் பிறகு கூட்டினால் போதாதா? தகவல் கோட்பாட்டின் தந்தை ஷனன் 1948இலேயே வழி சொல்லிவிட்டாரே.

தரவைச் சுருக்குவதையும் பிழையின்றி அனுப்புவதையும் தனித்தனியே செய்யலாம் என்ற ஷனனின் பிரிப்பு விதி ஒரு அனுப்பி, ஒரு வாங்கிக்குச் சரி. பலர் சேர்ந்து ஒரே கூட்டுத்தொகையைத் தரும்போது அது சிறந்த வழியாக இருக்க வேண்டியதில்லை.

பொறியாளர்: ஓர் உணரி பழுதாகிப் பொய் சொன்னால்?

இங்கேதான் உங்கள் கை ஓங்குகிறது. தனி அளவுகள் கைக்கு வந்தால் நடுமதிப்பை எடுத்து அதை ஒதுக்கலாம். காற்றில் கூட்டினால் பொய்யன் யாரென்றே தெரியாது.

மாணவி: யார் என்ன அனுப்பினார் என்று தெரியாததே தனியுரிமைக்கு நல்லதல்லவா, அண்ணா?

நல்லதுதான், தங்கச்சி. இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பல கருவிகளில் கூட்டாகப் பயிற்றுவிப்பவர்கள் அதனால்தான் இதை விரும்புகிறார்கள். ஆனால் முழுக் காப்பு அல்ல. பக்கத்தில் நின்று கேட்பவனுக்கு ஒருவரின் சமிக்ஞை மட்டும் வலுவாகக் கிடைக்கலாம்.

பொறியாளர்: அப்போ வெள்ள எச்சரிக்கைக்கு எது?

உணரி குறைவு, உயிர் சம்பந்தப்பட்டது என்றால் உங்கள் வழிதான். ஆயிரக்கணக்கில் வைத்தால் மறுபடி சண்டைக்கு வாருங்கள். பாதையை ஈடுகட்டிவிட்டு.