ஏற்காட்டில் வாங்கிய கிளாரி சேஜ் எண்ணெய் எதற்கெல்லாம் உதவும்?

கேள்வி இதுதான்: ஏற்காடு போனபோது ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் "மலை எண்ணெய்" என்று சொல்லி ஒரு சின்ன பாட்டில் கிளாரி சேஜ் விற்றிருக்கிறார்கள். மாதவிடாய் வலி போகும், நன்றாகத் தூக்கம் வரும், முடி வளரும் என்றார்களாம். நம்பலாமா?

நான் சேலத்தில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவள், அந்த வகையில் இந்த எண்ணெயோடு பழக்கம் உண்டு. மணத்துக்காக வாங்கினால் கொடுத்த காசு தகும். மருந்து என்று நினைத்து வாங்கினால் தகாது.

முதலில் அந்த "மலை எண்ணெய்". சேர்வராயன் மலையில் காபி விளையும், மிளகு விளையும், ஆரஞ்சு விளையும். கிளாரி சேஜ் இந்த மலைப் பயிர் இல்லை. துளசிக் குடும்பத்துச் செடிதான், ஆனால் மத்தியதரைக் கடல் பக்கத்தைச் சேர்ந்தது. பிரான்ஸ், பல்கேரியா, அமெரிக்காவின் வட கரோலினா போன்ற இடங்களில் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். முதல் வருடம் தரையோடு இலைதான் இருக்கும், இரண்டாம் வருடம்தான் பூக்கதிர் எழும். அதை நீராவியில் வடித்தால் எண்ணெய். வெளியூர் எண்ணெயை வாங்கிச் சின்ன பாட்டிலில் ஊற்றி விற்பதில் தப்பில்லை. மலையில் காய்ச்சியது என்று சொல்வதுதான் தப்பு.

இந்த எண்ணெயில் பெரும்பகுதி லினலைல் அசிடேட் என்ற மணப்பொருள், அடுத்தது லினலூல் என்ற இன்னொரு மணப்பொருள். லாவெண்டர் எண்ணெயிலும் இவை இரண்டுமே முக்கியம் என்பதால் மோந்தவுடன் லாவெண்டர் ஞாபகம் வரும். கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த புல், டீத்தூள், புகையிலை எல்லாம் கலந்த ஒரு மணம் மேலே வரும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது மணம்தான். சிலருக்கு இதுவே வியர்வை வாடையாகப் படும்!

இந்தச் செடியில் ஸ்கிளேரியால் என்று ஒரு பொருள் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் கோடிக்கணக்கில் அம்பர்கிரிஸ் பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வருமே, திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அந்தச் சமாச்சாரம்? அதை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். அதன் மணத்துக்குக் காரணமான அம்பிராக்ஸைடை ஸ்கிளேரியாலிலிருந்து செய்துவிடலாம் என்று 1950 வாக்கில் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். வாசனைத் திரவிய உலகம் இந்தச் செடியைத் தேடுவதற்குப் பெரிய காரணம் அதுதான். ஆனால் ஸ்கிளேரியால் நீராவியோடு அவ்வளவாக ஏறி வராது. கரைப்பான் போட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டும், அதனால் உங்கள் பாட்டிலில் அது கொஞ்சம்தான் இருக்கும்.

"ஹார்மோனைச் சரிசெய்யும்" என்ற பேச்சும் இதிலிருந்து கிளம்பியதுதான். ஸ்கிளேரியாலின் வடிவம் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அப்படியே பரவிவிட்டது. வடிவம் கொஞ்சம் ஒத்துப்போனால் வேலையும் ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. மாதவிடாய் வலிக்குத் தைவானிலும் கொரியாவிலும் சோதித்துப் பார்த்து, வலி குறைந்ததாகவே சொன்னார்கள். ஆனால் அங்கே தடவியது லாவெண்டரும் வேறு எண்ணெய்களும் சேர்த்த கலவை, அதுவும் அடிவயிற்றில் நீவி விட்டு. வலி குறைந்தது எந்த எண்ணெயால், எவ்வளவு நீவியதால் என்று பிரிக்க முடியாது. இதமாக இருக்கிறதா, தடவிக்கொள்ளுங்கள். மாதாமாதம் படுக்கையில் தள்ளுகிற வலி என்றால் டாக்டரிடம் போங்கள்.

தூக்கம்? மனசு கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். முடி வளரும் என்பது கடைப் பேச்சு.

தடவுவதாக இருந்தால் 30 மில்லி எண்ணெய்க்கு 6 சொட்டு போதும். நல்லெண்ணெயில் கலந்தால் எள் வாசனை இதை அமுக்கிவிடும், பாதாம் எண்ணெய் தேவலை. அப்படியே நேராகத் தோலில் வைக்காதீர்கள், குடிக்கவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. சோப்பில் போட்டால் சோப்புக் காரத்தில் லினலைல் அசிடேட் உடைந்து மேல் மணம் மங்கும், அதனால் நான் பச்சோலி எண்ணெயும் சேர்த்துக்கொள்வேன்.

அப்புறம், சேலத்து வெயில். காற்றும் சூடும் பட்டால் லினலூல் ஆக்சிஜனோடு சேர்ந்து தோலில் அலர்ஜி தரும் பொருளாக மாறிவிடும். நிறம் ஏறிய கண்ணாடி பாட்டிலில், இறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

அசலா என்று பார்க்கத் தாளில் ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை தங்கும், சரி. ஆனால் செயற்கை லினலைல் அசிடேட் கலந்திருந்தால் தாளும் காட்டாது, மூக்கும் காட்டாது. லேபிளில் சால்வியா ஸ்கிளேரியா என்ற தாவரப் பெயரும் எந்த நாட்டுச் சரக்கு என்பதும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அறையில் மணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் தடவ வேண்டாம்.