செங்டூவில் எங்கே தங்கலாம்?

கேள்வி: அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு நானும் கணவரும் சீனா கிளம்புகிறோம். செங்டூவில் நல்ல ஹோட்டலில் தங்கச் சொல்கிறான் மகன். "எல்லாம் கண்ணாடிக் கட்டடம், அங்கே என்ன பார்ப்பது?" என்கிறார் இவர். நாங்கள் சைவம் வேறு.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. அந்த ஊரில் முதல் மெட்ரோ ஓடியதே 2010-இல்தான். இன்று மெட்ரோ வரைபடத்தைப் பார்த்தால் நூடுல்ஸைக் கொட்டிய மாதிரி இருக்கிறது.

இரண்டே இரண்டு இரவு டெம்பிள் ஹவுஸில் தங்குங்கள். வாடகையைக் கேட்டால் தலை சுற்றும், அதனால்தான் இரண்டு. 2015-இல் திறந்த ஹோட்டல் என்றாலும், உள்ளே நுழைவது சிங் அரச வம்சக் காலத்து முற்றம் வைத்த வீடு வழியாக. பக்கத்திலேயே டாசி என்ற புத்தர் கோயில். பள்ளிப் பாடத்தில் காஞ்சிக்கு வந்தாரே யுவான் சுவாங், அவர் 622-இல் முழுத் துறவு பெற்றது இந்த ஊரில்தான். கோயிலைச் சுற்றி இப்போது கைப்பைக் கடைகள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. உங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டாமல் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்!

காலையில் மக்கள் பூங்காவில் உள்ள ஹெமிங் தேநீர்க்கடைக்குப் போய்விடுங்கள். மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கிண்ணம், ஊறும் தேயிலை. ஒருமுறை வாங்கினால் போதும், வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுப்பவில்லை. நடுவில் 'டிங்' என்று ஒரு சத்தம். நீளமான இரும்பு இடுக்கியைத் தட்டிக்கொண்டு காது சுத்தம் செய்பவர் வருகிறார். பக்கத்து மேஜைத் தாத்தா கண்ணை மூடிக் காதைக் கொடுத்துவிட்டார். என் முறை வந்ததும் நான் கழிவறைக்கு எழுந்துவிட்டேன்.

அங்கே போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை இங்கேயே இணைத்துக்கொண்டு போங்கள். நூறு யுவான் நோட்டை நீட்டி, சில்லறை தேட ஒரு பழக்காரம்மாவை நாலு கடை ஏறி இறங்க வைத்த பாவம் எனக்கு உண்டு.

சாப்பாடா? வென்ஷு மடத்துச் சைவ உணவகம் இருக்கிறது. வெளியே சாப்பிட்டால், நாக்கை மரக்க வைக்கும் அந்த ஊர் மிளகைக் குறைக்கச் சொல்லுங்கள். சீன மடத்துச் சமையலில் சோயாவையே வாத்து, மீன் வடிவத்தில் செய்து வைப்பது வழக்கம். தட்டைப் பார்த்து எழுந்து ஓடிவிடாதீர்கள்.